வாயில்லாத குற்றாலிங்கம்

குற்றாலிங்கம் ஊரில் இல்லாத வாரத்தில்தான் அவருடைய அணி முழவனைக் கிட்டத்தட்ட வீழ்த்திவிட்டது. ஊரில் இல்லையே தவிர, அணியில் அவர் இருந்தார். அதுதான் அவருக்குச் செரிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் வீடு, வயது நாற்பத்தாறு, வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டியைச் சுற்றிவந்து, நெளிந்த பானெட்டைத் தடவிப் பார்த்து, எப்படி நடந்தது, தப்பு யார் மேல் என்று சொல்வது தொழில். பல வருஷம் அதையே செய்ததில், வீட்டில் ஒரு தட்டு உடைந்தால்கூட விழுந்த கோணத்தைப் பார்த்து யார் கை பட்டது என்று சொல்லிவிடுவார். அவர் கை மட்டும் எந்தத் தட்டின் மேலும் பட்டதாகச் சரித்திரம் இல்லை.

சனி, ஞாயிறு மாலைகளில் 'பாதாளவெளி' ஆடுவார். நாலு பேர் நாலு ஊரில் இருந்துகொண்டு சேர்ந்து ஆடும் வீடியோ கேம் அது. கண்ணை முழுக்க மூடும் அதற்கான கண்ணாடியை மாட்டி, காதுக்கு ஹெட்ஃபோன் வைத்தால் நாலு பேரும் ஒரே குகையில் நிற்பார்கள். முன்னால் நின்று அடி வாங்குபவனுக்கு டேங்க் என்று பேர்; அது குற்றாலிங்கம். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் ஹீலர், தூத்துக்குடிப் பல் டாக்டர் ரெஜினா. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களோடு பழகியவர் என்பதால், வாயை மூடாமல் பேசுகிறவர்களிடம் அவருக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. தூரத்தில் நின்று அம்பு விடுவது ஆதிரை, சென்னையில் கட்டடப் பொறியியலில் ஆராய்ச்சி செய்யும் பெண். கிட்டப்போய் வெட்டுவது நயினா முகம்மது. சொந்த ஊர் கடையநல்லூர். தோஹாவில் லிஃப்ட் மெக்கானிக். நாலு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் குற்றாலிங்கம் அண்ணாச்சி.

முழவன் என்பவன் அந்த விளையாட்டின் ஆகப் பெரிய அரக்கன். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி உயரம் இருப்பான். முதுகில் இரண்டு முரசு. வலது முரசு அதிர்ந்தால் தரையின் வலது பாதி இடிந்து விழும், இடது அதிர்ந்தால் இடது பாதி. முரசு முதுகுப் பக்கம் தொங்குவதால் எது அடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்: வலது முரசு வலக்காதில் மட்டும் ஒலிக்கும், இடது இடக்காதில். கேட்ட மாத்திரத்தில் எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். இதற்கு நடுவில் கனல் என்று ஒரு நெருப்பு உருண்டை. முழவன் அதை டேங்கின் கையில் துப்புவான். வைத்திருக்க வைத்திருக்கச் சூடேறும், வெடித்தால் நாலு பேரும் காலி. ஆகவே டேங்க் நயினாவிடம், நயினா ஆதிரையிடம், ஆதிரை ரெஜினாவிடம் என்று அது கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பிரயோசனமில்லை.

தான் ஒருத்தர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து வருவதாகக் குற்றாலிங்கம் நம்பியிருந்தார். கனலை அவர் லேசில் கொடுப்பதில்லை. வாங்குகிறவன் ஒழுங்காக வாங்குவானா என்று ஒரு சந்தேகம். அதைப் பொறுப்புணர்ச்சி என்று வைத்திருந்தார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆய்வு நடத்துவார்.

"நயினா, வலது முரசுல்லா அடிச்சுது. நீரு எந்தப் பக்கம் நின்னீரு?"

"வலப்பக்கம், அண்ணாச்சி."

"அப்ப யாரு தப்பு?"

"என் தப்புதான், அண்ணாச்சி."

"எத்தனை தடவ சொல்லுதது. கவனம் எங்க வேய் இருக்கு உமக்கு?"

ரெஜினா ஒரு பெருமூச்சு விடுவார். ஆதிரை, தனக்குக் கீழே கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லி வெளியேறுவாள். அவள் வீட்டுக்குக் கீழே கடை எதுவும் இல்லை என்பது குற்றாலிங்கத்துக்கு வெகுகாலம் தெரியாது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் நூற்றுக்கணக்கில் வண்டிகள் மூழ்க, குற்றாலிங்கத்தைக் கம்பெனி அங்கே அனுப்பிவிட்டது. சேறு அடைத்த இன்ஜின்களுக்கு நடுவே சனிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஆட முடியவில்லை. வர முடியாதவர்களுக்காக விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரர்கள் அந்த மாதம்தான் 'நிழல்' என்று ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். குற்றாலிங்கம் போனில் அதற்குச் சம்மதம் அழுத்திவிட்டு, மூழ்கின வேன் ஒன்றின் அடியில் குனிந்துவிட்டார்.

திரும்பி வந்து கண்ணாடியை மாட்டியதும் ஆதிரைதான் முதலில் பேசினாள்.

"அண்ணாச்சி, ஒரு நல்ல நியூஸ். முழவனுக்கு இன்னும் ஒரு கோடுதான் உயிர் பாக்கி. கடைசிக் கட்டம் வரைக்கும் போயிட்டோம்."

"நான் இல்லாமலா?"

"நீங்க இருந்தீங்களே. உங்க நிழல்."

"அது எப்படி ஆடும்?"

"இதுவரைக்கும் நீங்க ஆடின ஆட்டம் மொத்தத்தையும் அது படிச்சு வச்சிருக்கு. எந்த இடத்துல நீங்க என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணும். உங்களைவிட நல்லாவும் ஆடாது, மோசமாவும் ஆடாது. புதுசா எதையும் கத்துக்காது. பேசாது. அவ்ளோதான்."

"அப்ப என்னை மாதிரியேதான்."

"அச்சு அசல்."

"பிறகு நான் இருக்கும்போது மட்டும் ஏன் பாதியிலயே சாவுதோம்?"

பல் பிடுங்கும் நேரம் வந்துவிட்டால் ஒத்திப்போடக் கூடாது என்பது ரெஜினாவின் தொழில் பழக்கம்.

"உங்க நிழல் கனலைக் கடைசி நொடி வரைக்கும் விடமாட்டேங்குது, அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அது தெரிஞ்சதும் நயினா அந்த நொடிக்குச் சரியா அது பக்கத்துல போய்க் கையை நீட்டிக்கிட்டு நின்னாரு. வெடிக்கலை."

"நான் என்னைக்கு அப்படிப் பிடிச்சு வச்சிருக்கேன்?"

"இதையும் நீங்க சொல்வீங்க. நிழல் சொல்லாது. அதான் வித்தியாசம்."

பிறகு மிக மரியாதையாக ஒரு வேண்டுகோள் வந்தது. முழவன் விழும் வரைக்கும் கொஞ்ச நாளைக்கு நிழலே வரட்டுமா என்று ஆதிரை கேட்டாள். நயினா மட்டும், "அண்ணாச்சிக்கு மனசு கஷ்டம்னா வேண்டாம்" என்றான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு என்ன கஷ்டம்? தாராளமா வரட்டும்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி கோமு எதிரே உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் மீட்டர் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்ப்பாள். அவளிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு பொம்மையைத் தன்னைவிட மேலாக நினைக்கும் மனிதர்களைப் பற்றி அவள் கருத்தைக் கேட்டார்.

"நிழல்னா, நீங்க செய்யுத மாதிரியே எல்லாம் செய்யுமா?"

"ஆமா."

"பேசாது?"

"பேசாது."

கோமு கொஞ்சம் யோசித்தாள். "வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமாங்க?"

நிழல் விளையாட்டோடு நிற்கவில்லை. ஒரே மாதத்தில் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. அடுக்ககச் சங்கக் கூட்டத்துக்கு ஆட்கள் நிழலை அனுப்பினார்கள்; சங்கம் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாகக் கூட்டம் சண்டை இல்லாமல் முடிந்தது. எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்பது வேறு. குற்றாலிங்கத்தோடு வேலை பார்க்கும் ஆவுடையப்பன், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசக் குரல் நிழல் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். இதில் பேசும் வகையும் வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து நேர்ல போயிருந்தேன் ஓய். அம்மா சொல்லுதா, இப்பல்லாம் போன்ல நீ எவ்வளவு நிதானமாப் பேசுத, ராசா. நேர்ல வந்தாத்தான் பழைய மாதிரி எரிஞ்சு விழுத. போனே போதும்ங்கா."

அந்த மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார். பிறகு டிபன்பாக்ஸை மூடி வைத்துவிட்டார். பாதி சோறு அப்படியே இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் குற்றாலிங்கம் தன் நிழல் ஆடிய ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தார். கனலைத் தான் பிடித்துவைப்பதில்லை என்று நிரூபித்து, அணிக்கு அனுப்பிவைக்கும் எண்ணம். திரையில் கவசம் போட்ட ஒரு தடியன் நின்றான். கனல் கையில் வந்ததும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். நயினா கையை நீட்டினான். தடியன் பார்த்தான். கொடுக்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினான். கல்யாண வீட்டில் பெட்டிச் சாவியை வைத்துக்கொண்டு எல்லாரையும் காக்கவைக்கும் மாமாவைப் போல இருந்தது. கனல் வெடிக்கப்போகும் நேரத்துக்குத்தான், ஏதோ பெரிய மனசு பண்ணிக் கொடுப்பதுபோல நீட்டினான். மறுபடி போட்டுப் பார்த்தார். வேறொரு நாள் பதிவைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே சுற்று, அதே பெரிய மனசு. எத்தனையோ விபத்துகளில் தப்பு யார் மேல் என்று எழுதியவருக்கு, இதில் எழுத ஒன்றும் மிச்சம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை கண்ணாடி மேசைமேல் கிடந்தது. நிழலின் கண் வழியாகச் சொந்தக்காரர் சும்மா பார்க்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. பார்ப்பதில் என்ன தப்பு என்று மாட்டினார். நிழலுக்குப் பதில் தானே ஆட வேண்டுமானால், ஓரத்தில் 'பொறுப்பேற்க' என்று ஒரு பொத்தான். அதன் கீழே 'மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டாம்' என்று ஒரு கட்டம். கை சும்மா இருக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, கட்டத்தைத் தேர்வு செய்துவிட்டு, பொத்தானை அமுக்கினார். குற்றாலிங்கம் தன் நிழலாக நடிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

தன்னைப் பற்றி என்னவெல்லாம் திட்டுகிறார்கள் என்று கேட்கத் தயாராகப் போனார். ஒருத்தரும் திட்டவில்லை. அவர் பேச்சே எழவில்லை. அது திட்டைவிட மோசமாக இருந்தது. ஆதிரை தன் வழிகாட்டிப் பேராசிரியரைப் போலப் பேசிக் காட்டினாள், குகையே சிரித்தது. இத்தனை மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ரெஜினா உயிர் ஏற்றும்போது மெதுவாக ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தார். தோற்றபோது யாரும் ஆய்வு நடத்தவில்லை. "சரி, இன்னொரு வாட்டி" என்றார்கள், அவ்வளவுதான்.

நடிப்பது லேசாக இல்லை. தெரிந்தே தப்புச் செய்ய வேண்டியிருந்தது. கனல் வந்ததும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நயினாவின் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே கொடுக்காமல் நிற்க வேண்டும். இத்தனை காலம் இயல்பாகச் செய்ததை இப்போது வெட்கத்தோடு செய்தார். சில சமயம் கை தாங்காமல் சீக்கிரமே கொடுத்துவிட்டது. யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நயினா எல்லாருக்கும் முன்னால் வந்தான். குகை வாசலில் எப்போதும் ஒரு தீ எரியும். அதன் பக்கத்தில் டேங்க் நின்றுகொண்டிருந்தார். நயினா எதிரே உட்கார்ந்தான். தீயைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணாச்சி நிழலு, உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு வலது காது கேக்கல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. முதல்ல இரைச்சலா இருந்துச்சு, இப்ப சுத்தமா இல்ல. வலது முரசு அடிக்கும்போது நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறது அதனாலதான். கவனமில்லாம இல்ல."

குற்றாலிங்கம் அசையாமல் நின்றார். நிழல் அசையாது.

"லிஃப்ட் வேலை காதை வச்சுத்தான். மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் என்ன கோளாறுன்னு சொல்லுவேன். காது போச்சுன்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்க. வீட்லயும் சொல்லல. போன மாசம் லிஃப்ட் குழிக்குள்ள நிக்கேன், மேல இருந்து ஒருத்தன் நகரு நகருன்னு கத்தியிருக்கான். எனக்குக் கேக்கல. ஸ்பேனர் தோளை உரசிக்கிட்டுப் போச்சு. ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தா தலை."

ரெஜினா வந்துவிட்டார். நயினா எழுந்து, "வாங்க டாக்டர், இன்னிக்கு முடிச்சிருவோமா" என்று சாதாரணமாகச் சொன்னான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கவனம் எங்க வேய் இருக்கு உமக்கு என்று தான் கேட்ட குரல் அவருக்கே கேட்டது. நயினாவுக்குப் போன் பண்ணி டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? உனக்குக் காது கேட்காது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ என் நிழலிடம் சொன்னது என்னிடம்தான் என்று சொல்ல வேண்டும். ஒளிந்து நின்று கேட்டவன் என்று பேர் வரும். அப்புறம் எந்த முகத்தோடு அங்கே போவது. நிழலாகவாவது போய்க்கொண்டிருந்த இடம் அது.

மறுநாள் மாலை தனியாகப் பயிற்சிக் குகைக்குள் போய், ஹெட்ஃபோனின் வலது பக்கத்தைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டு, முரசுக்குத் தாவிப் பார்த்தார். விழுந்தார். மறுபடி விழுந்தார். ஒரு காதோடு நின்றால் குகை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்னங்க, அரைக் காதுல மாட்டியிருக்கீங்க?" என்றாள் கோமு.

"ஒருத்தர் இப்படித்தான் ஆடுதார்."

"யாரு?"

அவர் சொல்லவில்லை. கோமுவும் மேலே கேட்கவில்லை. அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் புதுசு.

அடுத்த சனிக்கிழமை டேங்க் தன் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. நயினாவுக்குப் பக்கத்தில், அவன் கண்ணில் படுகிற மாதிரி வந்து நின்றது. வலது முரசு அதிர்ந்ததும் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு இடப்பக்கம் தாவியது. துள்ளலைப் பார்த்து நயினாவும் தாவினான். இடது முரசுக்குத் துள்ளல் இல்லை. அதை நயினாவே கேட்டுக்கொள்வான். கனல் வந்தது. டேங்க் சுற்றவில்லை. நயினாவின் கை நீள்வதற்குள் அதைக் கொடுத்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் குகை முழுக்கப் புகை மண்டும். பக்கத்தில் நிற்பவர் மட்டும்தான் தெரிவார். துள்ளினார், தாவினார்கள், கனல் போனது, வந்தது, போனது. ஆதிரையின் அம்பு போய்த் தைத்தபோது முழவன் ஒரு பழைய கட்டடம் போல முட்டிபோட்டு, அப்படியே சரிந்தான்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ரெஜினா அழுதார் என்றுகூடச் சொல்லலாம். குற்றாலிங்கம் பொத்தானை அமுக்கி வெளியேறியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நிழல் ஜெயித்தது என்று இருந்திருக்கும். அவர் அடுத்த வாரம் வந்து வாழ்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நயினா சொன்ன ஸ்பேனர் நினைவுக்கு வந்தது. மைக்கைப் போட்டார்.

"நயினா."

சத்தம் நின்றது.

"நான்தான். நிழல் இல்ல, நான். ரெண்டு மாசமா நான்தான் வாரேன். நீரு தீப் பக்கத்துல சொன்னதைக் கேட்டுட்டேன். ஒளிஞ்சு கேட்டது தப்பு. அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லும். ஆனா அடுத்த ஸ்பேனர் தோளோட போகும்னு சொல்ல முடியாது வேய். லீவு போட்டுட்டு வாரும். காதைக் காட்டுவோம்."

வசவுக்காகக் காத்திருந்தார். ஆதிரைதான் பேசினாள்.

"அப்பாடா. நீங்களா சொல்லவே மாட்டீங்களோன்னு நெனச்சோம்."

"என்னம்மா சொல்லுத?"

"நிழல் கத்துக்காதுன்னு நானே சொன்னேன்ல. நீங்க வந்த ரெண்டாவது வாரமே கனலைச் சீக்கிரம் குடுத்தீங்க. நான் புரொஃபசர் மாதிரி பேசினா உங்க தலை என் பக்கம் திரும்புது. எந்த நிழல் ஜோக்குக்குத் தலையைத் திருப்பும்?"

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"முதல் வாரமே எனக்குச் சந்தேகம்" என்றார் ரெஜினா. "சொல்லலாம்னுதான் இருந்தோம். சொன்னா நீங்க மறுபடி பேச ஆரம்பிச்சிருவீங்களேன்னு ஒரு பயம். மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி."

குற்றாலிங்கத்துக்கு முகம் சூடாகியது. ரெண்டு மாதம் பிரமாதமாக நடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர். கடைசியில் ஒன்று உறைத்தது.

"நயினா, உமக்கும் தெரியுமா?"

"தெரியும், அண்ணாச்சி."

"தெரிஞ்சா அதைச் சொன்னீரு?"

"உங்ககிட்டத்தான் சொன்னேன்." நயினாவின் குரலில் சிரிப்பு இல்லை. "வேற நேரத்துல சொன்னா நீங்க உடனே ஆய்வு ஆரம்பிப்பீங்க. ஏன் முதல்லயே காட்டலை, யாரு தப்புன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. நீங்க பேச முடியாத நேரமாப் பாத்துச் சொல்லிட்டேன்."

மாசி மாதம் நயினா விடுப்பில் வந்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் குற்றாலிங்கம் தன் காரை எடுத்துக்கொண்டு போனார். பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்; முதலில் கடையநல்லூரில் கொண்டுபோய் விட வேண்டும். வெளியே வந்த நயினா அவர் நினைத்ததைவிட உயரமாக, முன்வழுக்கையோடு, கூச்சமாகச் சிரித்துக்கொண்டு வந்தான். முன்சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தார். வாரக்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்தது. தன் தொழில் தன்னை எப்படி ஆக்கிவிட்டது என்று தொடங்கி, நயினாவைச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வருத்தம் சொல்லி, நடுவில் ஓரிடத்தில் தொண்டை அடைத்து, சமாளித்து, நன்றாகவே பேசினார். அவருக்கே திருப்தியாக இருந்தது. நயினா ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு அவ்வப்போது தலையை ஆட்டினான். தென்மலைக்கு வரும்போது பேசி முடித்துவிட்டார். நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

டீ வந்தது. நயினா ஒரு வாய் குடித்துவிட்டு அவருக்கு இடப்பக்கக் காதைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ரொம்ப நேரமா ஏதோ சொல்லிக்கிட்டே வந்தீங்க. உங்க பக்கம் இருந்தது கேக்காத காது. ரோட்டு இரைச்சல்ல ஒண்ணுமே விழல. முக்கியமான விசயமா?"

குற்றாலிங்கம் டீ கிளாஸைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து சொல்லலாம். தொண்டை அடைத்த இடம் இரண்டாம் தடவை அவ்வளவு நன்றாக வராது. கிளாஸை வைத்துவிட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"வண்டிய நீரு ஓட்டும்."

"நானா? நான் அங்க ரோட்டுல வலப்பக்கமா ஓட்டிப் பழகினவன் அண்ணாச்சி. மலை ரோடு வேற."

"தெரியும். ஓட்டும். நான் இந்தப் பக்கம் உக்காந்தா உமக்குக் கேக்கும்லா."

தன் வண்டியின் இடப்பக்கச் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆரியங்காவுக்குப் போகும் வளைவில் நயினா கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டான். எதிரே பலகை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. குற்றாலிங்கத்தின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. வாய் திறந்துவிட்டது. நயினா தானாகவே வண்டியை இடப்பக்கம் திருப்பிக்கொண்டான். லாரி போய்விட்டது. திறந்த வாயைச் சும்மா மூட முடியாததால் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல யாரு யாரு காத்திருக்காங்க?"

நயினா சொல்லத் தொடங்கினான். உம்மாவைப் பற்றிச் சொன்னான், மனைவியைப் பற்றி, பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் மகளைப் பற்றி. காது விஷயத்தை அவர்களிடம் எப்படிச் சொல்லப் போகிறான் என்பதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தான். செங்கோட்டை வந்து போனது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.